டீச்சரின் பங்கு

மூன்றாம் முறை பிழிந்த தேங்காய்ப்பூவையும் வீசக் கூடாது, ஐயா. வெயிலில் காயவைத்து, செத்தல் மிளகாயோடு வறுத்து இடித்தால் ஒரு கிழமைக்குச் சம்பல் ஆகும். நீங்கள் அடுப்படியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. திடீர் மரண விசாரணைக்கு வருகிறவர்கள் படுக்கையை எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். நீங்கள் சாமான் அறையைத் திறந்து பார்த்தீர்கள். வாளி நிறைய அரிசி, பருப்பு, மாசிக் கருவாடு, வரிசையாக ஊறுகாய்ச் சாடிகள். பிறகு என் பக்கம் திரும்பி, "இவ்வளவு சாமான் இருக்கிற வீட்டில ஒரு மனுசி எப்படியம்மா பட்டினியில செத்தாங்க?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன். தேநீர் ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

என் பெயர் யசோதினி. மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இறந்துபோன சுகிர்தா என் கணவர் ரவிகுமாரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். இந்த வீடும் அவருடையதுதான். நான் அவரை அண்ணி என்று கூப்பிட்டதே இல்லை. கல்யாணமாகி வந்த மறுநாள் காலை, "எல்லாரும் கூப்புடுற மாதிரி டீச்சர்னே கூப்புடும்மா" என்றார். சமையலறையில் நின்றுகொண்டே நான் மறுபடியும் பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டேன்.

அவரைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். வீடு நடத்த எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பலாக்கொட்டையைக் காயவைத்து மாவாக்குவது, பாண் ஓரங்களை வறுத்துத் தூளாக்கிக் கட்லட்டுக்கு வைப்பது, மாவுப் பையைத் துவைத்துத் தலையணை உறை தைப்பது எல்லாம் அவர் கை பட்டால் அழகாக வரும். கடையில் வாங்குகிற எதையும் அவர் முதலில் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். "நாம சொந்தக்காரங்க இல்லம்மா, உக்கிராணக்காரங்க. குடுத்தவரு ஒருநாள் வந்து என்னா செஞ்சன்னு கேப்பாரு" என்பார். சனிக்கிழமைகளில் எங்கள் கிறிஸ்தவ சபைப் பெண்கள் எங்கள் அடுப்படியில் கூடுவார்கள். சிக்கனமும் ஊழியம்தான் என்று டீச்சர் வகுப்பெடுப்பார். கேஸ் இல்லாமல், பால்மா இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருசம் அந்த வகுப்புக்குக் கண்டி டவுனிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. டீச்சருக்கு அது நல்ல வருசம்.

பிடியரிசி உங்களுக்குத் தெரியாதிருக்கலாம். சோற்றுக்கு அரிசி அளந்ததும், உலையில் போடுமுன் ஒரு பிடியைத் திருப்பி எடுத்துத் தனி டின்னில் போடுவது. மாதத்தின் முதல் ஞாயிறு அந்த டின்னைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் கொட்டுவோம். பிறகு ஏழைகளுக்குக் கஞ்சி காய்ச்சுவார்கள். சபையில் எல்லா வீட்டிலும் இது உண்டு. மற்ற வீடுகளில் பொதுவாக எடுத்துவிடுவார்கள், யாருக்குக் குறைந்தது என்று யாருக்கும் தெரியாது. டீச்சருக்கு அது பிடிக்காது. "யாருக்கும் கொறையாம எடுத்தா அது காணிக்கை இல்ல, மிச்சம்" என்பார். ஆகவே எங்கள் வீட்டில் அந்தப் பிடி யாராவது ஒருவரின் பங்கிலிருந்துதான் போக வேண்டும். ஒருநாள் அவர் பங்கு, மறுநாள் என் பங்கு. ரவிகுமார் வேலைக்குப் போகிற ஆம்பிளை என்பதால் அவருக்கு முறை இல்லை. தன் முறை வந்த நாளில் டீச்சர் குறைவாகத்தான் சாப்பிட்டார். முகத்தைச் சுளித்ததுமில்லை.

அந்த வருசம்தான் நான் உண்டானேன். கல்யாணமாகி எத்தனையோ வருசம் காத்திருந்து வந்த பிள்ளை. டீச்சர் முழங்காலில் நின்று நன்றி சொல்லி அழுதார். நானும் அழுதேன். மறுநாள் அரிசி அளக்கும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இனிமே நீ ரெண்டு பேரும்மா. ரெண்டு பிடி எடு. வயித்துல இருக்கிற புள்ளையும் இப்பவே குடுத்துப் பழகட்டும்."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அத்தோடு முறையும் நின்றது. ஆசீர்வாதம் வாங்கினவள்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். தினமும் இரண்டு பிடி என் பங்கிலிருந்து போயிற்று. என் தட்டில் என்ன மிஞ்சும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் சோறு கேட்ட அன்றைக்கு, "பசி நல்லதும்மா, ஜெபிக்க மனசு வரும்" என்றார்.

ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்பீர்கள். வீடு அவருடையது. ரவிகுமாரின் சுற்றுலா வான் டீசலுக்காகக் குண்டசாலை வரிசையிலேயே குடியிருந்தது. தோட்டத்தில் என் அம்மா வீட்டில் ரொட்டி சுடவும் மாவில்லை, அங்கே போய் என்ன செய்வது. இன்னொன்றும் உண்டு. நல்ல உக்கிராணக்காரி என்று டீச்சர் வாயால் ஒருதடவை கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசைக்காக இன்றைக்கும் என் மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் என்னை நிறுத்துப் பார்த்துவிட்டுத் திட்டுவார். சத்துமா, அந்தத் திரிபோஷா பக்கெட், எப்போதாவது வந்தால் எனக்கென்று எடுத்து வைத்துக் கொடுப்பார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் டீச்சர் வாங்கிக்கொள்வார். தேங்காய்ப்பூவும் கித்துள் கருப்பட்டியும் சேர்த்து உருண்டை பிடித்து, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். பாவம், அந்தப் பிள்ளைகள் அப்போது காலைச் சாப்பாடு இல்லாமல்தான் வந்தார்கள். அதனால் நான் ஒன்றும் சொல்ல முடியாது. எனக்கும் ஓர் உருண்டை வரும், அவர்களுக்கு வந்த அளவிலேயே. போதகர் ஆராதனையில் டீச்சருக்கு நன்றி சொன்னபோது நானும் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினேன்.

மகன் நாள் கணக்குக்கு முன்பே பிறந்தான். மிகவும் சின்னவன். அழுவதற்குக்கூட அவனிடம் தெம்பிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் இருந்தான். பிறகு இல்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று நாள் அவன் சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பில் டீச்சரே தைத்துத் தந்தவை. ஒருநாள் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், சட்டைகளைக் காணவில்லை. அடுப்படிக் கொடியில் புதுச் சட்டி பிடிக்கிற துணிகள் தொங்கின. ஓரம் மடித்து அழகாகத் தைத்திருந்தார்.

"துணிய வீணாக்கக் கூடாதும்மா. கண்ணு முன்னாடி இருந்தா அழுகைதான் வரும்" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் அந்தத் துணியால்தான் சோற்றுப் பானையை இறக்கினேன். டீச்சரை நான் வெறுக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, மனம் நிறைய வெறுத்தேன். அவர் தூங்கும்போது, ஜெபிக்கும்போது, தயிருக்கு உறை ஊற்றும்போது, எப்போதும் வெறுத்தேன். வெளியே ஒன்றும் காட்டவில்லை. இந்த வீட்டில் எதையும் ஒரு நாளில் தீர்த்துவிடக் கூடாது என்று பழகியிருந்தேன், வெறுப்பையும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

பிறகு ரவிகுமார் வானை விற்றுவிட்டுக் கத்தாருக்குப் போனார். அவர் போன மறு வருசம் டீச்சர் குளியலறையில் விழுந்தார். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கட்டிலில் கிடத்திய அன்று, அவர் எப்போதும் இடுப்பில் வைத்திருக்கும் சாமான் அறைச் சாவியை நான் எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை நான் பார்த்துக்கொண்ட விதத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. தினமும் உடம்பு துடைத்தேன், தலை வாரினேன், நேரத்துக்குப் புரட்டிப் படுக்கவைத்தேன். முதுகில் ஒரு புண்கூட இல்லை என்று டாக்டரும் எழுதியிருப்பார், பாருங்கள். மருந்து ஒருவேளை தவறியதில்லை. பக்கெட்டில் வருகிற சூப்பு, டின்னில் அடைத்த பால் எதையும் நான் கொடுக்கவில்லை. எல்லாம் வீட்டில், என் கையால் செய்தது.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு காலம் தொடங்கியபோது, அளந்த அரிசியைச் சுளகில் போட்டு அவர் கட்டிலுக்கே கொண்டுபோனேன். "டீச்சர், இன்னைக்கி ஒங்க பங்குல ஒரு பிடி எடுக்கிறேன்" என்று காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது, ஐயா. இடக்கையை நெஞ்சில் வைத்து ஆமென் சொல்வது போல உதட்டை அசைத்தார். படுக்கையில் கிடந்தாலும் கொடுக்க முடிகிறதே என்ற சந்தோசம். சில நாள் அப்படியே போயிற்று. ஒருநாள் இரண்டாவது பிடியையும் எடுத்து, அவர் கண்ணுக்கு முன்னால் பிடித்து, "இது புள்ளைக்கி" என்றேன்.

அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை உங்களுக்கு எப்படிச் சொல்வது. அவருக்குப் புரிந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், எச்சில்தான் வந்தது. இடுப்பில் செருகியிருந்த சட்டித் துணியால் துடைத்துவிட்டேன்.

சாப்பாட்டைக் குறைத்தேன் என்று எழுத வேண்டாம். காணிக்கையைக் கூட்டினேன் என்று எழுதுங்கள். சோறு கஞ்சியாயிற்று, கஞ்சி கஞ்சித் தண்ணீர் ஆயிற்று. உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டரே சொல்லியிருந்தார். எண்ணெயும் தேங்காயும் நோயாளிக்கு எதற்கு என்று நானாகவே நிறுத்தினேன். எங்கள் வீட்டு டின் சபையிலேயே பாரமான டின் ஆயிற்று. "படுத்த படுக்கையிலயும் நம்ம டீச்சர் குடுக்குறாங்க" என்று போதகர் சொன்னபோது சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை வகுப்பை நான் எடுக்கத் தொடங்கினேன். பலாக்கொட்டை வறுக்கும் வாசம் அடுத்த அறையில் படுத்திருந்தவருக்குப் போயிருக்கும். வகுப்பு முடிந்ததும் பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்று அவருக்காக ஜெபிப்பார்கள். நான் அவருக்குக் கம்பளிச் சட்டை போட்டுக் கழுத்துவரை போர்த்தியிருப்பேன். ஜெபிக்க வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டுதானே நிற்பார்கள்.

கொஞ்ச நாளில் டீச்சருக்கு ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது. "சோறு." மத்தியானம் பானை கொதிக்கும் சத்தம் கேட்டால் அதைச் சொல்லத் தொடங்குவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைத் தடவிக்கொடுத்து, "பசி நல்லது டீச்சர், ஜெபிக்க மனசு வரும்" என்பேன். அந்த நாட்களில் எனக்கு நல்ல தூக்கம் வந்தது. மகன் போன பிறகு அப்படித் தூங்கியதே இல்லை.

பக்கத்து வீட்டு ரிப்கா ரமழான் நோன்பு காலத்தில் எங்களுக்குக் கஞ்சி அனுப்பாத வருசம் இல்லை. இந்த வருசமும் அனுப்பினாள். கேட்டிலேயே வாங்கிக்கொண்டு, டீச்சர் தூங்குகிறார் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். கறிக் கஞ்சி, நன்றாக இருக்கும், நான்தான் குடிப்பேன். ஒருநாள் நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரம் ரிப்கா தானாகவே உள்ளே வந்துவிட்டாள். நான் போனபோது டீச்சரின் தோளைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"என்னா யசோ இது? டீச்சர் ஒண்ணுமே இல்லாம ஈக்கிறாங்களே. சின்னப் புள்ளயத் தூக்குற மாதிரி ஈக்கிது" என்றாள்.

"வயசு போனா அப்பிடித்தானே ரிப்கா."

அவள் என் பேச்சைக் காதில் வாங்காமல் கொண்டுவந்த கஞ்சியில் இரண்டு கரண்டி ஊட்டினாள். டீச்சர் விழுங்கினார். விழுங்கிவிட்டு இடக்கையால் ரிப்காவின் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. புரையேறும், டாக்டர் கூடாது என்றிருக்கிறார் என்று சொல்லி, விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன். மறுநாளிலிருந்து கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். உங்களிடம் முறையிட்டது அவள்தான் என்று தெரியும். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. பார்த்ததைச் சொன்னாள்.

உங்களிடம் வருமுன்பே அவள் ரவிகுமாருக்குச் சொல்லிவிட்டாள். ஒரு மத்தியானம் அவர் கத்தாரிலிருந்து பேசினார். என்னைச் சந்தேகப்பட்டுப் பேசவில்லை. எனக்கு முடியவில்லை போலிருக்கிறது, தனியாகக் கஷ்டப்படுகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

"ரிப்கா சொன்னாங்க, அக்கா ரொம்ப மெலிஞ்சிருச்சாம். யசோ, ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காத. இதுக்கு மேலயும் மறைக்க எனக்கு முடியல."

"சொல்லுங்க."

"நம்ம புள்ளைக்கி நெஞ்சுல கோளாறு. வயித்துல உருவாகும்போதே வந்ததாம். சாப்பாட்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு பெரிய டாக்டரே சொன்னாரு. அக்காதான் ஒங்கிட்ட சொல்ல வேணாம்னு என் கையப் புடிச்சி அழுதுச்சு. தன் வயித்துலதான் குத்தம்னு நெனச்சா நீ ஒடைஞ்சி போயிருவியாம். 'என்னையத் திட்டிக்கிட்டு இருக்கட்டும்டா, அந்தக் கோவத்துலயாவது அவ எந்திரிச்சி நடப்பா'ன்னு சொல்லிச்சு."

அவர் அழுதார். அக்காவை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சரி என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

அதை நான் நம்பினேன், ஐயா. நம்பவில்லை என்று சொன்னால் எனக்கு வசதியாக இருக்கும், ஆனால் நம்பினேன். ரவிகுமாருக்குப் பொய் சொல்ல வராது. டீச்சர் அப்படிச் சொல்லக்கூடியவர்தான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நான் பசியோடு படுத்த இரவுகளும் பொய்யில்லை, கொடியில் தொங்கிய துணிகளும் பொய்யில்லை. இத்தனை வருசம் நான் என் சொத்தென்று வைத்திருந்த ஒரே கோபத்தையும் அவர்தான் பார்த்துப் பார்த்து எனக்கு அளந்து கொடுத்திருக்கிறார் என்று நினைத்தபோது, முன்பைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

ஆனாலும் அடுப்படிக்குப் போனேன். இந்தக் காணிக்கையை நிறுத்திவிட வேண்டும் என்றுதான் போனேன். சிவப்பரிசியை அளந்தேன். பிடி எடுக்கவில்லை. குழைய வேகவைத்து, முட்டை ஒன்றை உடைத்து ஊற்றிக் கிளறி, பட்டரும் கொஞ்சம் மிளகுத்தூளும் போட்டு இறக்கினேன். வாசம் வீடு முழுக்கப் பரவியது. தட்டை எடுத்துக்கொண்டு போய், தலையணையை உயர்த்தி அவரை நிமிர்த்தி வைத்தேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மன்னித்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. வாயைத் திறந்தார்.

கரண்டியை அவர் உதடுவரை கொண்டுபோனேன். அங்கிருந்து திருப்பி என் வாயில் வைத்துக்கொண்டேன். பிறகு கதிரையை அவருக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டேன். நான் முடிக்கும்வரை அவர் வாயை மூடவில்லை. அதற்குப் பிறகு அவர் "சோறு" என்று கேட்டதுமில்லை, அதிக நாள் இருந்ததுமில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான், ஐயா. எல்லாம் என் மகனுக்காகச் செய்தேன் என்றுதான் உங்களிடம் சொல்ல நினைத்திருந்தேன். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு நல்ல ருசியாக இருந்தது. தட்டை வழித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் நினைவு எனக்கு ஒருதடவைகூட வரவில்லை.